46-ஆம் நம்பர் வீடு காலி

பல் போனது முறுக்கில். தீபாவளியன்று போயிருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். இது தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்து, மைலோ டின்னின் அடியில் கிடந்த உடைசல். டயர் கடையில் மதியக் கணக்கை முடித்துக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டேன். டக்கென்று சத்தம். முறுக்குதான் உடைந்தது என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை மென்றேன்.

வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். பத்து வருடத்துக்கு முன்னால் வேர் சிகிச்சை செய்த பல். நரம்பை எடுத்த கடைவாய்ப்பல் மெல்லும்போது பிளந்துவிடலாம், கேப் போட்டு மூடிவிடுங்கள் என்று அன்றே சொன்னார்கள். கையில் காசு சேரட்டும் என்று தள்ளிப்போட்டேன். பல் எனக்காகப் பத்து வருடம் காத்திருந்ததே பெரிது. நெட்டுவாக்கில் வேர்வரை பிளந்துவிட்டதால் ஒட்டவைக்க வழியில்லை, பிடுங்கிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வாருங்கள், அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று பேசுவோம் என்றார்கள்.

நான் போனது இரண்டு வருடம் கழித்து. மகனுக்குக் கல்லூரி, அம்மாவுக்குக் கண்புரை, அப்புறம் இடது பக்கமாகவே மென்று பழகிய சோம்பேறித்தனம். நாக்கு மட்டும் மறக்கவில்லை. கணக்கு எழுதும்போதும், கோயில் வரிசையில் நிற்கும்போதும் அது தானாகப் போய் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வரும்.

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். அரசாங்கக் கிளினிக், தனியார் பல் கிளினிக் எல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன் வேண்டும் என்று ஈப்போவுக்கு அனுப்பினார்கள். கந்தான், செம்மோர் வழியாகப் பழைய சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் சுண்ணாம்பு மலைகள். சிமெண்டுக்கு வெட்டியெடுத்த பக்கம் வெள்ளையாக, குடைந்த பல் மாதிரி நிற்கும். எத்தனையோ தடவை போன சாலைதான். அன்றைக்குத்தான் அப்படித் தெரிந்தது.

ஈப்போ டாக்டர் தமிழ்ப் பெண், என் மகளாக இருக்கக்கூடிய வயது. “ஆன்ட்டி, உங்களுக்கு 46 இல்லை” என்று ஆரம்பித்தார். எனக்கு 51 வயது, 46 எப்போதோ போய்விட்டது என்றேன். சிரித்துவிட்டுத் திரையில் காட்டினார். வாயை நான்காகப் பிரித்துக்கொள்கிறார்கள்: மேலே வலது 1, மேலே இடது 2, கீழே இடது 3, கீழே வலது 4. ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து பின்னால் எண்ணினால் எட்டுப் பல். நான்காம் வரிசையில் ஆறாவது பல்தான் 46.

நான் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். நான்கு லயம், லயத்துக்கு எட்டு வீடு, நான்காம் லயத்தில் ஆறாவது வீடு காலி என்று உடனே பிடிபட்டது. சொன்னதும் டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். “அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி. காலி வீட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.”

பக்கத்து வீடுகளின் லட்சணம் இதுதான். 45 சுத்தமான பல், வாழ்நாளில் ஒரு தடவைகூட அடைக்காதது. பின்னாலிருக்கும் 47 முன்பக்கமாகச் சாய்ந்து, காலி இடத்தை எட்டிப் பார்க்கிறது. எதிர் லயத்தில் மேலே இருக்கும் 16-க்குக் கடிக்க ஆள் இல்லாததால் மெல்லக் கீழே இறங்கிவருகிறது. எலும்பும் சும்மா இல்லை. பல் பிடுங்கிய முதல் வருடத்தில் அந்த இடத்தின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும் என்றார். மூன்று மாதத்தில் வரச் சொன்னது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

லயத்தில் நடுவீடு காலியானால் இதே கதைதான். முதலில் அந்த வீட்டுக் கூரையில் ஒழுகும், அப்புறம் பொதுச் சுவர் ஊறி இரண்டு பக்கத்து வீட்டிலும் பூசணம் பிடிக்கும். நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது ஒவ்வொரு குடும்பமாகத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனது. கடைசிவரை இருந்தவர்கள் காலி வீடுகளுக்கு நடுவில் இருந்தார்கள். அந்தச் சுவரின் ஈரவாடை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பல்லுக்கு வைத்தியம் என்றாலே பிடுங்குவதுதான். தோட்டத்து டிரஸர் ஒருவர் இருந்தார். காய்ச்சலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, பல் வலித்தால் குறடு. அம்மா முப்பத்தைந்து வயதுக்குள் அவரிடம் ஆறு பல்லைக் கொடுத்துவிட்டார். அடைப்பது என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கொஞ்சம் காசு இருந்தவர்கள் பட்டணத்துச் சீனர் பல் கடைக்குப் போவார்கள். பாட்டி முன்பல்லுக்குத் தங்கக் கரை கட்டிக்கொண்டது அங்கேதான். பட்டம் படிக்காமல் குருவிடம் கைத்தொழிலாகக் கற்றுக்கொண்டு பல் பார்த்தவர்கள் அவர்கள். 1948-இல் மலாயாவில் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த அப்படிப்பட்டவர்களையும் தனியாக இரண்டாம் பிரிவில் பதிந்துகொண்டார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பட்டம் கட்டாயம். பாட்டியின் தங்கப் பல்லை நான் குறை சொல்லமாட்டேன். அவரைத் தகனம் செய்த நாள்வரை அது அசையவில்லை.

ஆனால் பதிவு எதுவும் இல்லாமல் இன்றைக்கும் வீடு வீடாக வந்து பல் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. என் சித்தப்பாவுக்கு முன்பல் இரண்டு இல்லை. மகளின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. யாரோ சொல்லி ஒரு ஆள் வந்தான். 150 வெள்ளி (ரிங்கிட்), ஒரே மணி நேரம், வீட்டு வரவேற்பறை நாற்காலி. பொடியையும் திரவத்தையும் கலந்து பிசைந்து, இரண்டு பிளாஸ்டிக் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஈறுவரை பூசிவிட்டுப் போனான். கல்யாணப் போட்டோவில் சித்தப்பா ஜோராகத்தான் இருக்கிறார். பூசியதை எடுக்க முடியாது, அடியில் பிரஷ் போகாது, சோறு மட்டும் போகும். ஏழெட்டு மாதத்தில் ஈறு வீங்கிச் சீழ் வந்தது. கிளினிக்கில் அதைச் செதுக்கி எடுத்தபோது தாங்கிக்கொண்டிருந்த இரண்டு நல்ல பற்களும் ஆட ஆரம்பித்திருந்தன. இரண்டுக்கு மாற்று வைக்கப்போய் நான்கு போயிற்று. அந்த ஆளின் போன் நம்பர் அதற்குள் வேலை செய்யவில்லை. இப்போது நடப்பில் இருப்பது 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதியாதவர் வாயில் கைவைப்பது குற்றம். சித்தப்பா புகார் கொடுக்கவில்லை. வெட்கம்.

அம்மாவின் கதை வேறு, கொஞ்சம் நீளம். அவருக்கு 76 வயது. பதினான்கு வயதில் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். விடிகாலை நாலரைக்கு எழுந்து இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகும்போது குளிருக்கும் பசிக்கும் துணை வெற்றிலை பாக்குத்தான். கீழ்ப் பற்கள் ஒன்றுகூட இல்லை. மேலே மூன்று ஆடிக்கொண்டிருந்தன, அவற்றையும் போன வருடம் எடுத்தார்கள். ஏற்கெனவே ஒரு பழைய பல் செட் இருந்தது. கீழ்ச்செட் வாயில் நிற்காது. பேசும்போது தூக்கும், தும்மினால் வெளியே வரும். ஒரு தடவை உறவினர் வீட்டுச் சாவில் அழும்போது மடியில் விழுந்து, அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கீழ்ச்செட் ஏன் நிற்காது என்று எனக்கு யாராவது முப்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். மேல்செட் அண்ணம் முழுவதும் ஒட்டிக்கொள்ளும், நடுவில் எச்சில் படலம் இருக்கும், நனைந்த கண்ணாடித் தகடு இரண்டு ஒட்டிக்கொள்கிற மாதிரி உறிஞ்சிப் பிடிக்கும். கீழே அப்படிப் பரந்த இடமில்லை. குதிரை லாடம் போல ஒரு குறுகிய வரப்பு, நடுவில் ஓயாமல் நெளியும் நாக்கு. பல் போன எலும்பு வருடா வருடம் கரைவதால் அந்த வரப்பும் தேய்ந்துகொண்டே வரும். அம்மாவுக்கு இப்போது வரப்பே இல்லை, சமதரையாக இருக்கிறது. இதில் டாக்டரின் கைத்திறமை ஓரளவுக்குத்தான் உதவும்.

இதற்கு இம்பிளான்ட்டில், அதாவது தாடை எலும்புக்குள் திருகாணியாக வைக்கும் செயற்கை வேரில், வழி இருக்கிறது. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு திருகாணி வைத்து, செட்டை அதன்மேல் சட்டைப் பொத்தான் மாதிரி அழுத்தி மாட்டுவது. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்று அறிவித்தார்கள். ஈப்போ டாக்டரிடம் அம்மாவுக்கு இதைக் கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை, மருந்துப் பையைக் கேட்டார். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் தாண்டி ஒரு அட்டையில் அவர் விரல் நின்றது. வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், குடித்துவிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது என்பார்களே, எலும்புத் தேய்மானத்துக்கான அந்த மாத்திரை. அதை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குத் தாடை எலும்பைக் கீறினால் சில சமயம் புண் ஆறாமல் எலும்பே பட்டுப்போகும். அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் சமாளிப்பது கஷ்டம். சர்க்கரை வேறு கட்டில் இல்லை. அம்மாவுக்கு வேண்டாம் என்று அவர் சொன்னபோது, ஒரு தனியார் கிளினிக் வரப்போகும் பணத்தை வேண்டாம் என்று சொல்வதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பல் வைக்கப் போகிறவர்கள் மருந்துப் பையை அப்படியே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அட்டை பேசும்.

ஆக, அம்மாவுக்குப் புது செட்தான். ஈப்போவில் மேலும் கீழுமாக 1,800 வெள்ளி என்றார்கள். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி. செட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்றாலும் தனியார் விலையோடு பார்த்தால் அது சில்லறை. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்குக் காத்திருப்பது பழக்கம். முதல் நாள் அச்சு எடுத்தார்கள், அடுத்த தடவை இன்னும் துல்லியமாக இன்னொரு அச்சு. அப்புறம் மெழுகுக் கட்டையைக் கடிக்கவைத்து இரண்டு தாடையும் எங்கே சேருகின்றன என்று அளந்தார்கள். அப்புறம் மெழுகிலேயே பல்லை அடுக்கிக் கண்ணாடியில் காட்டினார்கள். அம்மா கண்ணாடியைப் பார்த்து, “இவ்வளவு வெள்ளை எதுக்கு, கெழவிக்கு” என்று ஒரு படி மங்கலாக மாற்றச் சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஐந்தாவது நடைக்குக் கையில் செட் வந்தது. அதற்கப்புறமும் ஈறில் அழுத்திய இடங்களைத் தேய்த்துக் கொடுக்க இரண்டு நடை.

அந்தக் கிளினிக்கில் செட்டுக்கு முன்னால் அவர்கள் முதலில் பார்த்தது நாக்கின் அடியும் கன்னத்தின் உட்பக்கமும்தான். இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களுக்கு அதிகம். வெற்றிலை பாக்குப் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் தோட்டங்களுக்கே வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது இதனால்தான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. அம்மா வாயில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. பாக்கை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். தலையணைக்கு அடியில் கொட்டைப்பாக்கு இருப்பதை நான் பார்த்ததாக அவரிடம் சொல்லவில்லை.

செட்டைக் காப்பது தனி வேலை. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். காய்ந்தால் வளையும், கொதிநீர் ஊற்றினாலும் வளையும். போட்டுக்கொண்டே தூங்கினால் அண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும். பற்பசையில் இருக்கும் நறநறப்பு பிளாஸ்டிக்கைக் கீறிவிடும், அதனால் சாதாரணச் சோப்பும் பிரஷும் போதும். கழுவும்போது பேசினில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், கை நழுவினால் தண்ணீரில் விழும். பழைய செட் இரண்டாக உடைந்தது அப்படிப் பிடிக்காமல்தான்.

இனி பிரிட்ஜ். அதைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தவுக்கே, டயர் கடை முதலாளி. எந்தப் பல் மருத்துவமும் படிக்காதவர், ஆனால் வாயில் மூன்று பிரிட்ஜ் வைத்திருப்பவர். இல்லாத பல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் பற்களைச் சுற்றிலும் சீவிச் சிறிதாக்கி, மூன்று கேப்பையும் ஒன்றாக வார்த்துத் தொப்பி மாதிரி கவிழ்ப்பது. எலும்பைத் துளைக்க வேண்டாம், இரண்டு மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிடும். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்தால், எப்படியும் கேப் போட வேண்டிய பற்கள் என்றால், பிரிட்ஜ் நல்ல யோசனை. தவுக்கேயின் முதல் பிரிட்ஜ் பதினாறு வருடம் ஓடியது. பிறகு ஒட்டுக்கு அடியில் சொத்தை புகுந்து, தாங்கிய பல் ஒன்று வேரோடு அழுகிவிட்டது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் ஒன்றுக்கு வந்தது மூன்றுக்கும் வந்தது. “நல்ல டயர் ரெண்டைச் செதுக்கி, இல்லாத டயருக்கு முட்டுக் கொடுக்குற மாதிரி” என்று அவரே சொல்லிவிட்டு, அடுத்த வாரமே இன்னொரு பிரிட்ஜ் கட்டிக்கொண்டார்.

என் விஷயத்தில் 45 அடைக்காத பல். அதைச் சீவ எனக்கு மனம் வரவில்லை. டாக்டருக்கோ 47-தான் சிக்கல். சாய்ந்திருக்கும் பல்லை 45-க்கு நேராக வரும்படி சீவினால் ஒரு பக்கம் நரம்புவரை போய்விடும், அப்புறம் அதற்கும் வேர் சிகிச்சை. சீவாமல் பின்னால் மெல்லிய இறக்கை மாதிரி ஒட்டும் ஒரு வகையும் உண்டு. முன்பல்லுக்குத்தான் அது அழகாக நிற்கும், கடைவாயில் விழும் பாரத்தை நம்பி வைக்க முடியாது என்றார்.

ஒரே பல்லுக்குக் கழற்றி மாட்டும் சிறு செட்? 400 வெள்ளிக்குள் முடியும். ஒரு பல்லுக்காகக் கம்பியும் தகடும் நாக்குக்கு அடியில் சுற்றிவர வேண்டும். வேண்டாமென்று நான் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எதுவும் வைக்காமல் விடுவதும் ஒரு வழி. நேர்மையான டாக்டர் அதையும் சேர்த்துச் சொல்வார் என்பது என் கட்சி. ஒரு மனிதன் ஒழுங்காகச் சாப்பிட முப்பத்திரண்டும் தேவையில்லை, இருபது இருந்தால் சமாளிக்கலாம். ஜப்பானில் 1989-இலிருந்து ‘8020’ என்று ஒரு இயக்கமே நடக்கிறது: எண்பது வயதில் இருபது பல். கடைசிக் கடைவாய்ப்பல் போயிருந்தால், எதிரே இருப்பதும் போயிருந்தால், நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்கமாட்டேன். என் இடம் வரிசையின் நடுவில், இரண்டு வருடத்தில் சாய்ந்தது, இறங்கியது எல்லாம் ஸ்கேனில் கண்முன்னே இருந்தது. இன்னும் விட்டால் 16 இன்னும் கீழே இறங்கும்.

மிச்சம் இருந்தது இம்பிளான்ட். 7,500 வெள்ளி. என் மூன்று மாதச் சம்பளம்.

இதன் பின்னால் ஒரு முயல் இருக்கிறது. 1950-களில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற சுவீடன்காரர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயல்களின் காலெலும்பில் டைட்டானியத்தில் செய்த சிறு கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டானிய வேர்களை வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை அவர் வாயில் இருந்தன. எங்கள் தோட்டத்தில் டிரஸர் குறடு வைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்த அதே வருடங்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 2024 மே மாதத்திலிருந்து இ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதிச் சேமிப்பில் ஃபிளெக்சிபல் என்று மூன்றாவது கணக்கு வந்ததே, மாதாமாதம் போடுவதில் பத்து விழுக்காடு அதில் விழும், 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதில் இருந்ததைத் துடைத்தெடுத்தேன். மீதி, கூட்டுச் சீட்டுப் பணம். அந்தச் சேமிப்பு கிழவயதுக்கானது என்று என் கணவர் முணுமுணுத்தார். கிழவயதில் எதை வைத்து மெல்லுவது என்று கேட்டேன். 2024 கணக்கு ஆண்டிலிருந்து பல் சிகிச்சைக்கு 1,000 வெள்ளிவரை வருமான வரி விலக்கு உண்டு என்று தெரிந்ததும் ரசீதை வாங்கி அவரே பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சரி, வலித்ததா? பல் பிடுங்கியதைவிடக் குறைவு. ஊசி போட்டபின் சத்தம்தான் பெரிது. அதுவும் நான் பயந்த அதிவேகச் சத்தம் இல்லை, மெதுவான உறுமல், கூடவே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. எலும்பு 47 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடத்தின் உயிரணுக்கள் கெட்டுவிடும், அதனால்தான் இந்த நிதானம். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பு ஒன்று ஓடுகிறது, அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், ஸ்கேன் அதற்குத்தான். எலும்பு ஒல்லியாகியிருந்தாலும் மயிரிழையில் போதுமானதாக இருந்தது. இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் எலும்புத்தூள் வைத்து நிரப்பி, அதற்கு ஒரு செலவும் ஒரு காத்திருப்பும் சேர்ந்திருக்கும்.

அப்புறம் மூன்று மாதம் ஒன்றும் இல்லை. திருகாணி உள்ளே எலும்போடு சேர்ந்துகொண்டிருக்க, வெளியே ஈறில் ஒரு சின்ன மூடி. நாக்குக்குப் புதுப் பொழுதுபோக்கு.

கேப் மாட்டிய நாளில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் கையில் எடுத்தது டார்க் ரெஞ்ச். எங்கள் கடையில் சக்கர நட்டு முறுக்குவதன் குட்டி, விரல் நீளம்தான். 35 நியூட்டன் சென்டிமீட்டரில் ‘கிளிக்’. எங்கள் பையன்கள் கார்ச் சக்கரத்துக்குக் கொடுப்பது சுமார் நூறு நியூட்டன் மீட்டர், கிட்டத்தட்ட முந்நூறு மடங்கு. ஆனால் அந்தக் கிளிக் அதே கிளிக்தான், கண்ணை மூடியிருந்தால் கடைக்குள் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்திருப்பேன். வாயைத் திறந்துகொண்டே சிரித்ததில் எச்சில் உறிஞ்சும் குழாய் கீழே விழுந்தது. இறங்கி வந்திருந்த 16-இன் நுனியைக் கொஞ்சம் தேய்த்துச் சமப்படுத்தினார்.

இது என் சொந்தப் பல் மாதிரியே இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு நார்ப்படலம் உண்டு. சோற்றில் சின்னக் கல் இருந்தாலும் அது உடனே சொல்லிவிடும். இம்பிளான்ட்டுக்கு அந்த மெத்தை இல்லை, கல்லைக் கடித்தால் தாடைதான் சொல்லும். பக்கத்துப் பல்லுக்கும் இதற்கும் நடுவே கீரை சிக்குகிறது, முருங்கைக்கீரை குறிப்பாக. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும், இதற்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியிருக்கும் ஈறில் அழுக்குச் சேர்ந்தால் எலும்பு கரையும். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். 45 மட்டும் சீவாமல் அப்படியே இருக்கிறது. கண்ணாடியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அம்மாவின் புதுக் கீழ்ச்செட்டுக்கு வீட்டில் ‘கோயில் பல்’ என்று பெயர். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போடுவார். சாப்பிட உட்கார்ந்தால் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். செட் போட்டுச் சாப்பிட்டால் ருசி தெரியவில்லையாம், நாற்பது வருடமாக ஈறாலேயே மென்று அது கல்லாகிக் கிடக்கிறதாம். ஐந்து நடை அலைந்த எனக்கு முதலில் கோபம் வந்தது. இப்போது இல்லை.

போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்து வடையைத் தட்டில் வைத்தேன். அம்மா பல்லைக் கழற்றும் முன் என்னைக் கூப்பிட்டார். பழைய பால்வெட்டு ஞாபகமோ என்னவோ, கையில் டார்ச் லைட்.

“வாயத் தொற. ஏழாயிரத்து ஐந்நூறு வெள்ளி பல்லு எதுன்னு நானும் பாக்குறேன்.”

திறந்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே என்று வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசியில் இடது பக்கத்தில், நான் பிறந்த தோட்டத்திலேயே முளைத்த ஒரு பல்லைக் காட்டி, “இதுதானே? நல்லாத்தான் பண்ணியிருக்கா அந்தப் புள்ள” என்றார். அப்புறம் கோயில் பல்லைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வடையை எடுத்தார்.